யாருக்குத் தொண்ணூற்றேழு?

அக்கா மதிய வேளையில் போன் செய்தாள். ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"டேய், மாமா கையத் துடைக்கலாம்னு விரல்ல இருந்த கிளிப்பைக் கழட்டினேன். மெஷின் இன்னும் தொண்ணூத்தேழுன்னே காட்டுது. கிளிப் என் மடியில கிடக்கு. யாருக்குடா தொண்ணூத்தேழு?"

கிளிப்பை மாமா விரலில் மாட்டி, மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டதும் எண் மாறியது. "இப்ப சரியாயிடுச்சு" என்றாள். சரியாகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, நுரையீரல் போய்விட்டது. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். தட்டி எழுப்பினால் திரும்ப வரும். அதனால் அக்கா அவர் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்தே தூங்கி, திடுக்கிட்டு எழுந்து, கண்ணுக்குக் கீழே கரி பூசினது போல ஆகிவிட்டாள். நான் வேலை பார்க்கும் இடத்தில் கட்டிலருகே வைக்கும் மூச்சுக் காவல் மெஷின் செய்கிறோம்; விரல் கிளிப் வழியாக ரத்தத்தில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். சோதனைக்கு வைத்திருந்த ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். "மூச்சு நின்னா இது கத்தும். நீ படு" என்றேன். படுத்தாள். மறுநாள் போனபோது வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

அதே கோளாறு எங்கள் மேசைகளிலும் வந்துகொண்டிருந்தது. சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு கடைசியாகக் காட்டிய எண்ணோடு திரை உறைந்துவிடும். உறைந்த மெஷின் கத்தாது. புரோகிராம் எங்கேயோ தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் எழுதுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. நாங்கள் தேடுவதற்காக ஒரு வரி சேர்த்தாலும் கோளாறு இடம் மாறி ஒளிந்துகொள்ளும்.

இதைப் பிடிக்க ஒரு மென்பொருள் கருவி உண்டு. அது நம் புரோகிராமை நேராக ஓடவிடாது. சிப்புக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் வாங்கிப் படித்து, மெமரியைத் தொடுகிறதா, எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்துத்தான் அனுப்பும். அதை ஓட்டினேன். தொடங்கிய வேகத்தில் நின்றது. திரையில் வந்ததைத் தமிழில் சொன்னால், "சட்டவிரோதக் கட்டளை."

பக்கத்தில் சர்க்யூட் போர்டு வேலை பார்ப்பவன் எட்டிப் பார்த்தான். அவனை எல்லோரும் புகை என்றுதான் கூப்பிடுவோம். அவன் முதன்முதலில் கரண்ட் கொடுத்த போர்டிலிருந்து அதுதான் வந்தது.

"போச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள மூடிடு" என்றான்.

அந்தக் கட்டளையில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் சிப் புதிது. நான்கு பெருக்கலை ஒரே அடியில் செய்யும் கட்டளைகள் அதில் உண்டு. கருவி பழையது, அவற்றைப் படித்ததில்லை.

"தெரியலைன்னு சொல்லாம சட்டவிரோதம்னு சொல்லுது பாரு" என்றான் புகை. "நம்ம மேனேஜருக்குச் சொந்தமா இருக்கும்."

கருவிக்கு அந்தக் கட்டளையைக் கற்றுக்கொடுத்தேன். அடுத்ததில் நின்றது. அதையும் கொடுத்தேன். அதற்கடுத்ததில் நின்றது. அனுமார் வால். கருவியைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். அந்த வகைச் சிப்புக்கு ஆதரவு இல்லை, நீங்களே முழுவதும் எழுதி அனுப்பினால் மகிழ்ச்சி என்றார்கள். வருடக்கணக்கான வேலை அது.

"அந்தக் கட்டளைங்களே இல்லாம புரோகிராமை மறுபடி தயார் பண்ணி ஒரு பில்ட் போடேன்" என்றான் புகை. "மெதுவா ஓடட்டும். உன் கருவி முழுசா படிக்கும்ல?"

போட்டேன். கருவி தடங்கலில்லாமல் கடைசிவரை போய், பிழை பூஜ்யம் என்றது. இரண்டாம் முறையும் பூஜ்யம். பிழை இருந்ததே அந்த வேகக் கட்டளைகள் இருந்த இடத்தில்தான். அவற்றை எடுத்ததும் அதுவும் போய்விட்டது. கருவி நுழைகிற வீட்டில் திருடன் இல்லை. திருடன் இருக்கிற வீட்டில் கருவி நுழையாது.

முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

"பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"இது வேற பில்ட் சார். மெஷின்ல ஓடுறது இது இல்ல."

"அதே புரோகிராம்தானே?"

"அதேதான் சார். ஆனா..."

"ரிப்போர்ட்ல ஆனா இருக்கா?"

"எக்ஸ்ரே தம்பிக்கு எடுத்துட்டு ஆபரேஷன் அண்ணனுக்கா சார்?" என்றான் புகை. மேனேஜர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஏற்றுமதித் தேதி அவர் கழுத்தில் இருந்தது.

"சரி, மெதுவான பில்ட்டையே ஏத்து."

"மூச்சு நின்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கத்தும் சார்."

"வேகமானதுன்னா?"

"ஒருநாள் கத்தவே கத்தாது."

கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். "தினம் ஒருதரம் தானா அணைஞ்சு எரியுற மாதிரி வை. உறையுறதுக்குள்ள புதுசாயிடும்ல?"

"பெரும்பாலும்."

"அது போதும்."

அந்த வரியை நான்தான் எழுதினேன். ஒரே ஒரு வரி. வேகமான பில்ட் மெஷின்களில் ஏறி, பெட்டிகளில் கிளம்பியது. பூஜ்யம் என்ற ரிப்போர்ட்டும் கூடவே போனது.

விடுமுறையன்று அக்கா வீட்டு மெஷினிலும் புதியதை ஏற்றினேன். மாமா தலையணைகளில் சாய்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினம் மத்தியானம் ஒருவாட்டி தானா அணையும்க்கா. கொஞ்ச நேரத்துல வந்துடும். அதுவரைக்கும் மட்டும் பார்த்துக்க."

நான் இருக்கும்போதே அணைந்தது. திரை கறுத்ததும் அக்காவின் கை மாமாவின் நெஞ்சுக்குப் போனது. எண் திரும்ப வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நடுவுல நிக்காதில்ல?"

"சோதிச்சுப் பார்த்தோம்க்கா. பிழை எதுவும் இல்லன்னு வந்திருக்கு."

என் முகத்தைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து என் பொய்களைப் பார்த்தவள். குனிந்து, மாமாவின் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். மெஷின் வீடே அதிரக் கத்தியது. மாமா திடுக்கிட்டு இருமினார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு கிளிப்பைத் திரும்ப மாட்டினாள்.

"உயிரோடதான் இருக்கு" என்றாள். மெஷினைச் சொன்னாள்.

அடுத்த முறை போனபோது அவள் தலைமாட்டில் அலாரம் கடிகாரம் இருந்தது. அது அடிக்கும்போதெல்லாம் எழுந்து கிளிப்பைக் கழற்றுவாள். மெஷின் கத்தினால் மாட்டிவிட்டுப் படுப்பாள். கண்ணுக்குக் கீழே மறுபடி கரி.

"எனக்குக் காவலுக்குன்னு இந்த மெஷினை வச்சீங்க" என்று மாமா என்னிடம் மூச்சு வாங்கச் சொன்னார். "உங்க அக்கா அதுக்குக் காவல் இருக்கா. தூங்கவும் விடமாட்டேங்குறா, சாகவும் விடமாட்டேங்குறா."

கடிகாரம் அடித்தது. அக்கா எழுந்து வந்தாள்.