ஸ்டேஷனுக்கு வரச் சொன்ன போன்

சிவமொக்காவில் தையல்கடை வைத்திருக்கும் நாகவேணி, எதிர்வீட்டில் திருடியவனைப் பார்த்துவிட்டாள். அவன் ஏட்டு பசப்பாவின் தம்பி. அவள் பார்த்தது தெரிந்து, மறுநாள் அந்த ஏட்டே போன் செய்தார்.

"சாட்சி சொல்லணும், உடனே ஸ்டேஷனுக்கு வா. தனியா வா."

மாதாமாதம் வாட்ஸ்அப்பில் சட்டச் செய்தி அனுப்பும் பக்கத்துத் தெரு வக்கீல் ரேவண்ணாவிடம் ஓடினாள்.

"போகாதீங்கக்கா. சாட்சி சொல்ல பொம்பளைங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக்கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும். போன மாசம் எழுதியிருந்தேனே, படிக்கலையா?"

"படிச்சேன். எனக்கே வரும்னு நெனைக்கலையே!"

ரேவண்ணா இன்ஸ்பெக்டரிடம் பேசினார். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் பெண் போலீசுடன் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஜீப்பை ஓட்டி வந்தது பசப்பா. நாகவேணி குரல் நடுங்க நடுங்கத் திருடனின் பெயரைச் சொன்னாள்.