முதலில் ஜன்னல், அப்புறம் பாட்டில்

வாய் தவறிவிட்டது. வார்த்தை வெளியே விழுந்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது.

"ஜன்னலை எல்லாம் சாத்தினீங்களே, அப்போ குடிச்சிருந்தீங்களா?"

கேட்டது அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் சிரித்தான். நல்ல சிரிப்பு. எந்த மாமியாரும் மயங்கிவிடுகிற சிரிப்பு.

"ஜன்னலா? ஜன்னலைப் பத்தி நான் சொல்லவே இல்லையே, டீச்சர்."

லிஃப்ட் என்பது அவன் பெயரல்ல. அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். இந்த அறையில் எல்லாருக்கும் தொழில்தான் பெயர். அவனுக்கு இந்தப் பக்கம் பெயிண்டர், அந்தப் பக்கம் பேக்கரி, இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் பெண்டாட்டியை அடித்தவர்கள். எல்லாரும் குடித்தவர்கள். 'ஜெயிலா, சிகிச்சையா?' என்று கோர்ட் கேட்டதும் சட்டென்று சிகிச்சை என்று கையைத் தூக்கியவர்கள். வாரம்தோறும் வருவார்கள். வாசலில் ஊதுகிற மெஷினில் ஊதிக் காட்டுவார்கள். செல்போனைக் கூடையில் போட்டுவிட்டு வட்டமாக உட்காருவார்கள்.

டீச்சரும் டீச்சரல்ல. மனநல ஆலோசகர். வீட்டுப்பாடம் கொடுக்கிறாள் என்பதால் பெயிண்டர் வைத்த பெயர் அது. திருந்த விருப்பமே இல்லாதவனுக்கு விருப்பத்தை வரவழைப்பது அவள் வேலை. திட்டக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. அவன் சொன்னதையே எடுத்து அவன் முன்னால் வைக்க வேண்டும். அவனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொள்வதில் லிஃப்ட் முதல் ரேங்க். "அடிக்கிறது நான் இல்ல டீச்சர், எனக்குள்ள இருக்கற குடி" என்று அவன் ஒரு நாள் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தொடர்ந்து சுத்தமாக ஊதிக் காட்டியதால் கோர்ட் அவனை வீட்டுக்குப் போகவும் அனுமதித்துவிட்டது. மனைவி, மகளோடுதான் இருக்கிறான்.

இன்று காலைவரை டீச்சருக்கு அதில் பெருமை.

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அக்காவின் மேஜை. இந்த ஆண்களின் மனைவிகளுக்கு போன் செய்து 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்பது அக்காவின் வேலை. அங்கே ஒரே ஒரு விதிதான். மனைவி சொல்வது தடுப்பைத் தாண்டி இந்த அறைக்குள் வரவே கூடாது. வந்தால், யார் சொன்னது என்று புருஷனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பெண்ணின் கதி?

ஆபத்து என்று தோன்றினால் மட்டும் டீச்சரின் காதில் போட்டு வைப்பாள் அக்கா. இன்று காலை போட்டாள்.

"லிஃப்ட் பொண்டாட்டி பேசினா. குடிச்சிட்டுதான் அடிக்கிறார்னு எல்லாரும் நினைக்கறீங்க, அது தப்புன்னு சொல்றா. முதல்ல ஜன்னல் ஒவ்வொண்ணா சாத்துவானாம். பொண்ணைக் கடைக்கு அனுப்புவானாம். அதுக்கப்புறம்தான் பாட்டிலைத் திறப்பானாம். நேத்து பாட்டிலே இல்லையாம். ஜன்னலை மட்டும் சாத்தியிருக்கான்." அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "மனசுல வெச்சுக்கோம்மா. வாயில வெச்சுக்காத."

வாயில்தான் வந்துவிட்டது. தன்னைக் கோர்ட்டுக்கு இழுத்த அந்தப் பழைய அடிதடியை லிஃப்ட் மறுபடி ஆரம்பித்திருந்தான். "அன்னிக்கு ஃபுல் போதை, ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று உருகினான். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டாள்.

"சொல்லுங்க டீச்சர்." லிஃப்ட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். "ஜன்னல் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா கேட்டுவிட்டாள். பிளைவுட்டுக்கு நன்றி.

லிஃப்ட்டின் மனைவி இப்போது வேலை முடிந்து வீட்டில் இருப்பாள். சலவைக் கடையில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். மகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். இங்கிருந்து பஸ்ஸில் போனால் இரண்டே நிறுத்தம்.

"என் போனை எடுத்துக்கறேன்." லிஃப்ட் எழுந்தான். "சின்ன வேலை. வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

பொய் சொல்லவா? சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். உண்மை சொல்லவா? அதற்கு அவளே அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அவனிடம் ஒப்படைத்துவிடலாம்.

"உட்காரு தம்பி." பெயிண்டர் கொட்டாவி விட்டார். "ஜன்னலை எல்லாம் ஒருத்தர் வந்து சொல்லணுமாக்கும்?"

"அண்ணே, நீங்க சும்மா இருங்க."

"இருக்க மாட்டேன். நான் வெளிச்சுவர் அடிக்கிறவன். கயித்துல தொங்கிட்டு ஊர்ல இருக்கற ஜன்னல் பூரா பார்த்திருக்கேன். புழுங்கித் தள்ளுற சாயங்காலம். ஊரே ஜன்னலைத் திறந்து போட்டுட்டு விசிறிக்கிட்டு இருக்கும். ஒரு வீட்டுல மட்டும் டப்பு டப்புன்னு சாத்துவான். உள்ள என்ன நடக்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றான் பேக்கரி.

பெயிண்டர் கையில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். "என் வீட்டுல சாத்தினது நான்தானேடா."

யாரும் சிரிக்கவில்லை. பெயிண்டர் பேசினால் யாராவது சிரிப்பார்கள். அதுதான் வழக்கம்.

டீச்சர் மூச்சை இழுத்தாள். "சாத்தும்போது குடிச்சிருந்தீங்களா?"

"அது... இல்ல." பெயிண்டரே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. "கொக்கி மாட்டறதுக்குக் கை ஆடக்கூடாதுல்ல."

"நான் ரேடியோ வைப்பேன்" என்றான் பேக்கரி திடீரென்று. இருப்பதிலேயே சின்னவன். பேசவே மாட்டான். "சத்தமா. பாட்டு வர்ற ஸ்டேஷனாப் பார்த்து வைப்பேன். பேச்சு வந்தா நடுவுல நிறுத்துவாங்க, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடும்னு."

"அவ்வளவு யோசிச்சியாடா?" என்றார் பெயிண்டர்.

"யோசிச்சேண்ணே." பேக்கரியின் முகம் வெளிறியது. "ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னு கோர்ட்டுல சொன்னேன். ஸ்டேஷன் வரைக்கும் ஞாபகம் இருக்கு."

கதவு திறந்தது. போன் அக்கா டீ தட்டோடு நின்றாள். இடைவேளைக்குத்தான் டீ. அதுவும் வெளியே வராந்தாவில்தான். அறைக்குள் அவள் கொண்டுவந்ததே இல்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு. இங்கயே குடிச்சிடுங்க" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டீச்சரின் பக்கம் கோப்பையை வைத்தபோது கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

கிளம்பிவிட்டார்கள். அக்காவின் போன் கிடைத்து, தாயும் மகளும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

டீச்சரின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. லிஃப்ட் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். சிரிப்பு மட்டும் கழன்றிருந்தது.

"அப்போ அவ சொல்லலையா?"

"யார் சொன்னாங்கன்னு இவ்வளவு தேடறீங்க. சொன்னது பொய்னு இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லல" என்றாள் டீச்சர்.

அவன் பெயிண்டரைப் பார்த்தான். பேக்கரியைப் பார்த்தான். டீயை எடுத்தான், குடிக்கவில்லை.

"பாட்டில் அப்புறம்தான்" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. மெருகு போயிருந்தது. "முதல்ல முடிவு பண்ணிடுவேன். அப்புறம் குடிப்பேன். நாளைக்குச் சொல்றதுக்கு ஒண்ணு வேணும்ல. குடிச்சிட்டேன், மன்னிச்சிடுன்னு." நிறுத்தினான். "இப்போ குடிக்கறதே இல்ல. ஆனாலும்..."

அந்த 'ஆனாலும்'-க்கு மேல் போகவில்லை. இத்தனை நாள் பேசிய அழகான வசனங்களை எல்லாம் ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால் இதுதான் கனக்கும். வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் சந்தோஷப்பட்டிருப்பாள்.

செஷன் முடிந்து ஆண்கள் கூடையில் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா அவளை ஓரமாக இழுத்தாள்.

"ரெண்டு பேரும் பத்திரம். எங்கன்னு நீ கேக்காத, நான் சொல்ல மாட்டேன்."

"அவர் ஒத்துக்கிட்டார்க்கா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"உள்ள என்ன ஆச்சுன்னு அவகிட்ட சொன்னேனே. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க. அவர் மாறணும்னா மாறட்டும், என்னை வெச்சு மாத்திப் பார்க்காதீங்கன்னு போனை வெச்சுட்டா."

டீச்சருக்கு இது வர வேண்டியதுதான்.

வராந்தாவில் லிஃப்ட் காதில் போனை வைத்திருந்தான். எடுத்தான். மறுபடி அழுத்தினான். மறுபடி வைத்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள். படிக்கட்டருகே பெயிண்டர் மட்டும் செருப்பு வாரோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"அவங்க வீட்டுல இல்ல" என்றாள் டீச்சர்.

"எங்க?"

"எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்." கோபமே இல்லை. எந்த மாடியில் லிஃப்ட் நின்றிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான். "அவ அக்கா வீடு. இல்லேன்னா சலவைக் கடை முதலாளியம்மா வீடு. வேற எங்க போயிடுவா?"

டீச்சர் தன் போனை எடுத்தாள். இவர்களைக் கண்காணிக்கிற கோர்ட் அதிகாரியின் நம்பரைத் தேடினாள்.

"யாருக்கு?"

"ஆபீசருக்கு. நீங்க இப்போ சொன்னதைச் சொல்லப் போறேன்."

"மனசைத் திறந்து பேசுன்னீங்க." அவன் கண்கள் சிவந்தன. "இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் பேசினேன். அதுக்கு இதுவா?"

"உள்ள பேசினதுக்கு இல்ல. இங்க நின்னு பேசினதுக்கு."

"நல்ல வேலை டீச்சர் உங்களோடது!"

"ஆமா." அவள் போனைக் கீழே இறக்கவில்லை. "வழி திறந்துதான் இருக்கு. போகணும்னா போகலாம். நீங்க போனாலும் சொல்வேன், உட்கார்ந்தாலும் சொல்வேன்."

"அவ திரும்பி வர மாட்டான்னா நான் எதுக்கு இங்க வரணும்? யாருக்காக?"

எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போனவள்தான். எதிலும் இதற்குப் பதில் கொடுக்கவில்லை. "தெரியல" என்றாள்.

பெயிண்டர் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, நான் தேடிக்கிட்டுப் போனவன். என் பொண்டாட்டியோட அண்ணன் வீட்டு வாசல்ல விடியற வரைக்கும் நின்னேன். கதவு திறந்துச்சு. என் பொண்ணு எட்டிப் பார்த்தா. பார்த்ததும் அது நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுச்சுடா. அவ்வளவு பெரிய பொண்ணு." துண்டால் வாயைத் துடைத்தார். "அதுக்கப்புறம் யாரும் என்னைத் தடுக்கத் தேவைப்படல."

லிஃப்ட் படிக்கட்டைப் பார்த்தான். அங்கிருந்து சாலை தெரிந்தது. பஸ் ஒன்று வந்தது, ஆட்களை ஏற்றியது, போயிற்று. இன்னொன்று வரும்.

வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். முழுதாக உட்காரவில்லை. கால் இரண்டும் வெளியே பார்த்துத்தான் இருந்தன. போனை விடவில்லை. மடியில் கவிழ்த்து வைத்து மேலே கையை வைத்துக்கொண்டான். பெயிண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், இடித்துக்கொண்டு, அவன் எழுந்தால் தெரியும்படி.

டீச்சர் நம்பரை அழுத்தினாள். அதிகாரி எடுத்தார். "சொல்லுங்க மேடம்."

டீச்சர் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று, அவன் காதில் விழும்படியே, அவன் சொன்ன இரண்டு இடங்களையும் சொல்ல ஆரம்பித்தாள்.