பெயரை மறைத்த பக்கம்

செத்துப்போன சிப்பாய்களோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் தரணி. இரண்டாம் உலகப்போரில் ராணுவக் கோர்ட்டுகள் யாரைத் தண்டித்தன, எதற்காகத் தண்டித்தன என்று டெல்லியிலும் லண்டனிலும் பழைய கோப்புகளின் தூசு தின்று புத்தகம் எழுதினாள். தம்பி கல்யாணத்துக்கே முதல்நாள் ராத்திரிதான் வந்து சேர்ந்தாள் என்று சொந்த ஊரான பெருமாநல்லூரில் இன்னும் கேலி பேசுவார்கள்.

ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு. சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயரை அச்சில் ஏற்றவே மாட்டாள். பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவன் வீட்டுப் பிள்ளைகள் என்று ஊர் ஏசக் கூடாதே என்று ‘சிப்பாய் ம.’, ‘சிப்பாய் க.’ என முதலெழுத்தோடு நிறுத்திவிடுவாள். இதைவிட மரியாதை வேறென்ன என்று நினைத்தாள். நினைத்தாளே, அங்கேதான் வந்தது வினை.

போன மாதம் திருப்பூரில் ஒரு வாசகர் கூட்டம். சிப்பாய் ம.வின் கோப்பில் கிடந்த கடிதத்தை அங்கே வாசித்தாள். நாலாம் வகுப்புப் படித்த அவன் மனைவி பர்மா போர்முனைக்கு எழுதியது. ‘நீங்கள் பார்க்காத பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. இடது கையில் ஆறு விரல். ஒருதரம் வந்து முகம் பார்த்துவிட்டுப் போங்கள்.’

கூட்டம் முடிந்ததும் ரைசா என்ற பெண் வந்து நின்றாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர். அவளுடைய தாத்தாவுக்கு இடது கையில் ஆறு விரலாம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, பட்டாளத்துக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். பெயர் மஸ்தானா என்று தரணி கேட்டாள். ரைசா ஆமென்று தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரணி அவர்கள் வீட்டுக்குப் போனாள். ரைசாவின் தாத்தா பக்கீர் முகமதுவுக்கு எண்பத்தொரு வயது. அந்த ஆளைப் பற்றி எந்தச் சேதியும் வேண்டாம் என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். சண்டை முடிந்து பர்மாவிலிருந்து வந்த ஒருவன், மஸ்தான் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனானாம். அதை ஊரே நம்பியது. அம்மா சைதுன்னிசா தாலியான கருகமணியைக் கழற்றவில்லை. புருஷனை இழந்தவர்கள் இருக்கிற இத்தா இருக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்குப் பாத்தியா ஓதுவார்களா என்று அதையும் தடுத்துவிட்டாள். தொண்ணூற்றைந்து வயதில் அவள் இறந்தபோது மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்கள்தான் அந்தக் கருகமணியை அவிழ்த்தார்கள். பக்கீர் முகமதுவோ, பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையில்கூட அத்தா பெயரைப் போடவில்லை.

கோப்பில் இருந்ததைத் தரணி சொன்னாள். கடிதம் கிடைத்த ராத்திரியே மஸ்தான் காவலை விட்டுக் கிளம்பிவிட்டார். மூன்று நாள் நடந்து பிடிபட்டார். பிள்ளையைப் பார்க்கப் போனேன் என்பதைத் தவிர விசாரணையில் வேறெதுவும் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, ஐப்பசி மாதம், சுட்டுவிட்டார்கள். வீட்டுக்குத் தகவல் போனதாகக் கோப்பில் ஒரு வரி இல்லை.

பெரியவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னையப் பாக்கவா வந்தாருங்க?”

ஆமாம் என்றாள். அந்த மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எண்பது வருஷம் திட்டித் தீர்த்த மனுஷனுக்காக அழுவதென்றால் சும்மாவா? ரைசா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்தபிறகு தரணியின் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார். அத்தாவின் பேர் எங்கே என்று கேட்டார். குடும்பத்துக்கு அவமானம் வந்துவிடக் கூடாதென்று மறைத்ததை அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. புத்தகம் வந்த வருஷத்தைப் பார்க்கச் சொல்லி ரைசாவிடம் நீட்டினார். இரண்டாயிரத்து எட்டு என்று வாசித்தாள்.

“அப்ப அம்மா இருந்தாங்களே, அம்மணி. தெனமும் பேப்பர் படிப்பாங்க. பேரு இருந்திருந்தா ஆராச்சும் பாத்துச் சொல்லியிருப்பாங்கல்லங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தரணியிடம் கொடுத்தார். ‘ம.’வுக்குப் பக்கத்தில் மஸ்தான் என்று எழுதினாள். அதன் கீழே அம்மாவின் பேரையும் எழுதச் சொன்னார். அதையும் எழுதினாள்.