ஐஸ் பெட்டிக்குள் ஓடிய ஆயில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் வந்தது.

திருமயத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ரெங்கராஜ். அவர் மகளைக் கட்டிய புது மாப்பிள்ளைக்கு இன்று அவர் வீட்டில் விருந்து. எனக்கும் கொடுவா மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு வாய் வைத்தேன். புளி சரி, உப்பு சரி, காரம் சரி. அதற்குப் பின்னால் ஒரு வாசனை வந்தது. மெக்கானிக் கடை வாசலில் நின்றால் வருமே, அது. பூனைக்கு ஒரு துண்டு வைத்தேன். முகர்ந்துவிட்டு, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்பதுபோல என்னைப் பார்த்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ரெங்கராஜின் தங்கை புருஷன் ஆண்டிச்சாமி, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் தன் பைக்கைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் கீழே வருவது. அவன் சொல்லாமல் விட்டதை நானே போட்டுக்கொண்டேன்.

2

"கட்டுமாவடிக் கடலில் சூரியன் மெல்ல—"

வேண்டாம். கடல் என்றதும் சூரியனை எழுப்பிவிடுகிற புத்தி எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆண்டிச்சாமிக்குச் சூரியன் ஜென்ம எதிரி. அது ஏற ஏறப் பெட்டியில் ஐஸ் இறங்கும்.

"ஆண்டிச்சாமி ஒரு மீன் வியாபாரி. அவனுடைய பைக்—"

இது பரவாயில்லை. கட்டுமாவடியில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறந்தாங்கி வழியாகத் திருமயம் வரைக்கும் வந்து விற்பவன். பாரம் தாங்காமல் அறந்தாங்கி தாண்டியதும் எஞ்சின் கொதிக்கும். ஒரு டீக்கடையில் நிறுத்தி ஆறவிடுவான். எஞ்சின் ஆறுவதற்குள் இங்கே எல்லார் வீட்டிலும் சாம்பார் கொதித்திருக்கும்.

3

விருந்து முடிவானதும் ரெங்கராஜ் மார்க்கெட்டில் மீன் சொல்லிவிடப் பார்த்தார். தங்கை சுகுணா விடவில்லை.

"வீட்டு ஆளு மீன் யாவாரியா இருக்கையில வெளிய வாங்குனா ஊரு சிரிக்காதாண்ணே?"

"ஒம் புருஷன் மீனு வந்து சேர்றதுக்குள்ள மாப்பிள்ளை சாப்புட்டுக் கை கழுவிட்டு ஊருக்கே போயிருவாரு!"

சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

(அழுதாள் என்பது நான் போட்டது. ஆண்டிச்சாமி சொன்னது, "ரெண்டு நாளு எங்கிட்டப் பேசலண்ணே" என்று மட்டும்தான்.)

மூன்றாம் நாள் பேசினாள். "இந்த ஒரு தடவ மட்டும் வழியில நிக்காம வந்துருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

4

மெக்கானிக் வெற்றிசெல்வன் சொன்னது எளிய வழி. பழைய ஃப்ரிட்ஜிலிருந்து செப்புக் குழாயைக் கழற்றி, வளைத்து, ஹெட்லைட்டுக்குக் கீழே கட்டுவது. எஞ்சினிலிருந்து சூடான ஆயில் ரப்பர் டியூப் வழியாக அதற்குள் போகும். எதிர்க்காற்று பட்டுக் குளிர்ந்து திரும்பி வரும். அவ்வளவுதான் ஆயில் கூலர்.

ஆண்டிச்சாமி தாடையைத் தடவினான்.

"காத்து என்னத்த குளிரப்போகுது? சித்திரை மாசத்துல காத்தே கொதிக்குது. பின்னாடி பொட்டி நெறைய ஐஸ் கெடக்குல்ல. கொழாய அதுக்குள்ள விடு."

வெற்றிசெல்வன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தான். எஞ்சினைப் பார்த்தான்.

"இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றான்.

(அடிக்குறிப்பு: இந்த இடத்தில் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. காலங்காலமாக ஐஸோடு புழங்குகிறவன் இப்படி யோசிப்பானா? அரை நாள் யோசித்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் நானும் ஒரு நிமிடம் 'அட!' என்றுதான் சொன்னேன்.)

5

இன்று காலை ஆண்டிச்சாமி நிற்கவில்லை.

இதை நன்றாக எழுத வேண்டும். அறந்தாங்கி தாண்டியது. காலுக்கடியில் வழக்கமாக அடிக்கும் அனல் இல்லை. எஞ்சின் சத்தம் மாறவில்லை. டீக்கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு டீயை ஆற்றத் தொடங்கிவிட்டார். ஆண்டிச்சாமி கையை மட்டும் காட்டிவிட்டுப் பறந்தான். அவர் கிளாஸோடு ரோட்டுக்கே வந்து, "யோவ், வீட்டுல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்று கத்தினார். ஆண்டிச்சாமி வாய்விட்டுப் பாடினான். கல்யாணத்தன்றுகூட அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அவனுக்குப் பின்னால், மூடிய பெட்டிக்குள், எஞ்சினின் சூடெல்லாம் கொடுவா மீன்களுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வந்தது. மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி, குழாய் மூட்டிலிருந்து ஒவ்வொரு சொட்டாக—

பாட்டு முடியட்டும். அதுவரைக்கும் சொல்லமாட்டேன்.

6

ரெங்கராஜ் வாசலில் பைக் வந்து நின்றபோது அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். சுகுணா ஓடிவந்து பெட்டியைத் திறந்தாள். வெந்நீர். அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

முடிவு அ: அவள் மூடியைச் சாத்திவிட்டு, "மீனே கெடைக்கலையாம்ணே" என்கிறாள்.

முடிவு ஆ: அடியில் ஒரு மீன் மட்டும் பனிக்கட்டி மாதிரி—

இரண்டும் செல்லாது. என் மேஜைமேல் குழம்பு இருக்கிறது. அவள் சமைத்துவிட்டாள். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ஏழெட்டுத் தண்ணீர் அலசி, ஒரு பங்கு புளிக்கு இரண்டு பங்கு கரைத்து ஊற்றி, யாரையும் அடுப்படிப் பக்கம் விடாமல்.

7

இப்போது சாயங்காலம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட் சத்தம். சுகுணா, தூக்குச் சட்டியை வாங்கிப்போக வந்திருக்கிறாள்.

"கொழம்பு எப்புடிண்ணே இருந்துச்சு?"

நான் இருமினேன்.

"மாப்பிள்ளை ஒண்ணுமே சொல்லலண்ணே. தலையக் குனிஞ்சு சாப்புட்டு எந்திரிச்சுட்டாரு. அண்ணன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு. நீங்க கதை எழுதுறவுக, பொய் சொல்லமாட்டீங்க. உள்ளதச் சொல்லுங்க."

ரெங்கராஜ் தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிகிறது. பல்குத்துகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். வேப்பமரத்தடியில் ஆண்டிச்சாமி எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, "இப்பவும் சில்லுனு இருக்குண்ணே!" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் பொறாமையாகவும் இருக்கிறது.

வாசகரே, நீங்களே சொல்லுங்கள். "நல்லா இருந்துச்சும்மா" என்றால் முதல் பகுதியை நான் கிழித்தாக வேண்டும். அது போனால் இந்தக் கதையே இல்லை. உள்ளதைச் சொன்னால் கதை நிற்கும். சுகுணா அந்தச் சுவரைத் தாண்டி எப்படிப் போவாள் என்பதை நான் எழுதமாட்டேன்.

எங்கள் தெருவில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. சட்டியைக் கழுவிக் கையில் வைத்திருக்கிறேன். அவள் கையை நீட்டிவிட்டாள்.