பாதி அட்டை

மூன்றாவது முறையாக டீ கிளாஸை நீட்டினாள் சித்தி. முதல் இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டிய பெரியவள் இந்த முறை வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் சித்தி. தண்ணிகூட வேண்டாம்."

"அடக்கம் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் ஆகப்போகுது. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. நீயும் விழுந்து வெச்சா தூக்கறதுக்கு இங்க யாருக்குடி தெம்பிருக்கு?"

வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவளுக்கு எப்படிச் சாப்பாடு இறங்கும் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தம்பியை அடக்கம் செய்த அன்றைக்கே தன் வயிற்றைக் காட்ட ஓடுகிறவளை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். பாதிதான் நினைக்க முடிந்தது.

அக்கா தம்பி என்பதெல்லாம் வெறும் பதினோரு நிமிட வித்தியாசம். இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வெளியே வந்த ஒரே காரணத்துக்காக அவள் பெரியவள் ஆனாள், அவன் சின்னவன் ஆனான். நாற்பத்தேழு வயதிலும் வீட்டில் அதே பெயர்தான். அவர்களுடைய அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. இருவரில் யாருக்காவது காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் அந்த ஒரு பிள்ளையை மட்டும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து மாத்திரை அட்டையைச் சரிபாதியாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுப்பாள். "இன்னைக்கு இவளுக்குன்னா நாளைக்கு உனக்கு வரத்தானே போகுது" என்பாள். பல தடவை வந்தும் இருக்கிறது. அதனால் யாரும் அம்மாவை எதிர்த்துக் கேட்டதில்லை. அம்மா போன பிறகு கத்தரிக்கோல் பெரியவள் கைக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் இருவருக்கும் ஒரே சமயத்தில் வயிறு தகராறு செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் எரிச்சல், இரண்டும் இல்லாத நேரத்தில் இது என்னவாக இருக்கும் என்ற கவலை. பெரியவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். ஒருநாள் பாடத்தின் நடுவிலேயே வலி சுருட்டிப் பிடிக்க, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்கு நாள் வாங்கினாள். சாதாரணப் புண் என்று ரிப்போர்ட் வந்தது. சின்னவன் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

"அப்ப எனக்கும் இதேதான். ஒரு குழாய் மிச்சம்" என்றான்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாதி அட்டையை வெட்டிக் கொடுத்தாள். இன்று காலை முதல் அந்தச் சிரிப்புதான் அவளைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அவன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டால்கூட மொட்டை மாடி வரை ஏறி மோட்டார் அறையைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டான். தன் வயிறு என்று வந்தபோது அடுத்தவள் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எட்டு வாரம்தான் இருந்தான்.

அந்த எட்டு வாரத்தில் இரண்டாவது வாரம் ஒரு மாலை, அவன் கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அவள் ஒரு மாத்திரையை மென்றுகொண்டிருந்தாள். தூங்குகிறான் என்று நினைத்திருந்தாள்.

"ஏய், என்ன மெல்லுற?"

"மிட்டாய்."

"எனக்குப் பாதி குடு பார்க்கலாம்."

அவள் அட்டையை உள்ளங்கைக்குள் மறைத்தாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம். திரும்ப ஆரம்பிச்சிருக்கு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போய்? உனக்கு வந்ததுதானே எனக்கும். வேற என்ன புதுசா சொல்லிடப் போறாங்க?"

அவன் சிரித்தான். சிரித்தால் வலிக்கும், அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் நல்லா இருக்கேன்னு நினைச்சேன். இப்ப என் ரிப்போர்ட்டைப் பார்த்து நீ செத்துட்டேன்னு நினைக்கிற. நம்மள மாதிரி மடச்சாம்பிராணிங்க உலகத்துலயே கிடையாது. போனை எடு. என் கண்ணு முன்னாடி டேட் வாங்கு."

வாங்கினாள். கூட்டம் அதிகம், ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மூன்று மணி என்றார்கள்.

"அன்னைக்குப் பார்த்து நான் செத்துட்டேன்னு சாக்கு சொல்லாத" என்றான் சின்னவன்.

"வாயைக் கழுவுடா" என்றாள் பெரியவள்.

நேற்று, புதன்கிழமை காலையில், சொல்லி வைத்த மாதிரி போய்ச் சேர்ந்தான்.

சித்தி இன்னும் கிளாஸை நீட்டியபடி நின்றாள். மணி ஒன்றரை. பெரியவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. ஒரு வாய் போதும். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டால் இன்று டெஸ்ட் கிடையாது. டாக்டரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அடுத்த தேதி கிடைக்க இன்னும் ஆறு வாரம் ஆகும், அதுவரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை போல் பயமாக இருந்தது.

"மணியையே பார்த்துட்டிருக்கியே, எங்கடி போகணும்?" என்றாள் சித்தி.

பெரியவள் சமையலறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். சித்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கண் கலங்க அவள் தோளைப் பிடித்தாள்.

"தெரிஞ்சு என்னடி பண்ணப் போற? அவன் நல்லாதான் நடமாடிட்டிருந்தான். குழாயை விட்டுக் கண்டுபிடிச்சாங்க, எட்டு வாரத்துல முடிச்சுட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்க. அதே மாதிரிதான் போகணும்னு இருந்தா யாரால தடுக்க முடியும்? இருக்கற வரைக்கும் வாய்க்கு ருசியா சாப்பிட்டு நிம்மதியா இரும்மா."

வஞ்சகமில்லாத அன்புதான். ஆனால் சொல்லும்போது சித்தியின் கண் சமையலறை வாசல் வழியாகக் கூடத்தின் நடுவே போய் வந்தது. காலைவரை சின்னவனைக் கிடத்தியிருந்த இடம் அது. மேசையை இன்னும் பழையபடி போடாமல் காலியாக விட்டிருந்தார்கள். பார்வை அங்கே போய் அவளிடம் திரும்பியதைப் பெரியவள் பார்த்துவிட்டாள். இவள் எனக்கு இப்போதே அளவெடுக்கிறாள் என்று தோன்றியது. தோன்றியவுடன் பயத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சித்தி மேல் பாதி, இத்தனை மாதம் இதே அளவைத் தானே எடுத்துக்கொண்டிருந்த தன் மேல் பாதி.

டீயை அப்படியே தொட்டியில் கொட்டி, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அவனுக்கு வந்தது அவனுக்கு வந்தது சித்தி. எனக்கு என்னன்னு எனக்குத் தெரியணும். அதுவேதான்னாலும் சரி, என் வாயால கேட்டு, என் காதால வாங்கிக்கறேன்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது சித்தப்பா வழிமறித்தார். விஷயம் அதற்குள் அவரிடம் போய்விட்டிருந்தது. சமையலறையிலிருந்து கூடம் எவ்வளவு தூரம்.

"இன்னைக்கே போகணுமா? ஒரு வாரம் கழிச்சுப் போனா வயிறு ஓடிப் போயிடுமா? வந்தவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

"அவன் இருந்தா என்ன நினைப்பான்னு எனக்குத் தெரியும் சித்தப்பா. அது போதும்."

சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த சின்னவன் மனைவி எழுந்தாள். நேற்றிலிருந்து அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். உள்ளே போய்க் கைப்பையுடன் வந்தாள்.

"அண்ணி, கூட ஒரு ஆள் வரணும்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. பார்த்துக்கலாம், நீ உட்காரு."

"நீ எங்கம்மா கிளம்பற?" என்று பதறினார் சித்தப்பா. "இன்னைக்கு நீ வாசல் தாண்டலாமா?"

"காலையில அடக்கத்துக்குத் தாண்டிட்டுத்தானே மாமா வந்தேன்" என்றாள் அவள், செருப்பை மாட்டியபடி.

பெரியவள் டிரைவிங் ஸ்கூல் காரைத்தான் எடுத்து வந்திருந்தாள். தலைமேல் எல் போர்டும், இடப்பக்கம் இன்னொரு பிரேக்கும் உள்ள கார். இரண்டு தெரு தாண்டினார்கள்.

"அந்தப் போட்டோ" என்று ஆரம்பித்தாள் சின்னவன் மனைவி. "டாக்டர்கிட்ட போலாம்னு நான் சொல்ற ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துக் காட்டுவார். 'ஸ்கோப்பெல்லாம் எடுத்தாச்சு, சாதாரணப் புண்தான், படி'ன்னுவார். நானும் படிப்பேன். மேல பேர் வர்ற இடத்தை விட்டுட்டுப் படம் எடுத்திருக்கார். அது அவரோடது இல்லைன்னு ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்" என்றாள் பெரியவள். "உன்கிட்ட காட்டினது தெரியாது. ஆனா என்னோடதை வெச்சு ஓட்டிட்டிருந்தான்னு தெரியும். நான்தான் மாத்திரையை வெட்டிக் குடுத்தேன். சிரிச்சுட்டே குடுத்தேன்."

சின்னவன் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சை விழுந்தும் பெரியவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரோ ஒலி எழுப்பிய பிறகே எடுத்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரை பெரியவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, சின்னவன் மனைவி கொடுக்கவும் இல்லை.

உள்ளே நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். "மயக்க ஊசி போட்டுத்தான் பண்ணுவோம். திரும்பிப் போறப்ப நீங்க வண்டி ஓட்டக் கூடாது. யார் ஓட்டுவாங்க?"

"நான்" என்றாள் சின்னவன் மனைவி.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே பெரியவள்தான். மூன்றாவது முயற்சியில், கம்பத்தை இடிக்காத ஒரே காரணத்தால் லைசென்ஸ் கிடைத்தது. அதன் பிறகு சின்னவனே எல்லா இடத்துக்கும் ஓட்டியதால் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"சிஸ்டர், ஊசி இல்லாமலே பண்ணிடுங்களேன். நான் முழிச்சுட்டே இருக்கேன்."

"போடுங்க சிஸ்டர்" என்றாள் சின்னவன் மனைவி.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் இருந்ததா? பெரியவள் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினாள். அதற்குக் கீழே, தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. எதிரே டாக்டர் நின்றிருந்தாள்.

"பழைய புண் மறுபடி கிளம்பியிருக்கு. பார்வைக்குப் பயப்படற மாதிரி வேற எதுவும் தெரியலை. இருந்தாலும் தம்பிக்கு இருந்ததுனால சதை கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். பத்து நாள்ல முடிவு வரும். அதுவரைக்கும் நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க."

"பண்ண மாட்டேன் டாக்டர்" என்றாள் பெரியவள். நாக்கு குழறியது. பத்து நாள் பயந்துகொண்டுதான் இருக்கப் போகிறாள், அது அவளுக்குத் தெரியும். இருந்தால் என்ன, இது அவளுடைய சொந்தப் பயம்.

கவுன்டரில் சின்னவன் மனைவி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்கியவள் நகரவில்லை. முதல் வரியில் விரலை வைத்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். வயதைப் படித்தாள். தேதியைப் படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் செருமினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். பிறகு பெரியவளிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்களோடதுதான் அண்ணி."

"என்னோடதுதான்."

"மாத்திரையும் வாங்கிட்டேன்."

பெரியவள் வழக்கம்போல் இடப்பக்கம் உட்கார்ந்தாள். தலை கிறுகிறுத்தது. சின்னவன் மனைவி கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டை மாட்டினாள், சாவியைத் திருகினாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி திருகினாள், மறுபடி அணைந்தது. ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எல் போர்டைப் பார்த்துப் பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அவளுக்கு உதடு துடித்தது. நேற்றிலிருந்து அழாத அழுகை எல்லாம் அங்கே வந்து நின்றது.

"அடிக்கட்டும்" என்றாள் பெரியவள். "எல்லாரும் பொறந்தப்பவே ஓட்டிட்டு வந்தவங்க பாரு. நீ அழுதுட்டே எடு, பரவாயில்லை. கிளட்ச்சை மட்டும் மெதுவா விடு."

மெதுவாக விட்டாள். வண்டி நகர்ந்தது. பெரியவளின் கால் பழக்கத்தில் இரண்டாவது பிரேக்கின் மேல் போய் நின்றது. அதை எடுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

மடியில் மாத்திரை அட்டை இருந்தது. பத்து மாத்திரை. கை தானாக அதை நடுவில் மடித்தது. தெருமுனை வரும் வரை மடித்தபடியே பிடித்திருந்தாள். பிறகு நிமிர்த்தி, முழுசாகப் பைக்குள் வைத்தாள்.