ஃ எந்த வீட்டுக்குப் போகும்?

கவிப்ரியா எழுதிய நிரலைச் சோதிக்கும் வேலை மதிவதனிக்கு வந்தது. ஒருத்தி எழுதினால் இன்னொருத்தி சோதிப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனி அது. முதலாளி ஜெக்கரியாவையும் சேர்த்து ஆறே பேர்.

அதிராம்பட்டினத்து வியாபாரி ஒருவர், மலேசியாவில் வளரும் தன் அண்ணன் பிள்ளைகள் தமிழ் படிக்க ஒரு செயலி கேட்டிருந்தார். குழந்தை தன் பெயரைத் தட்டினால், எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோய் உயிர், மெய், உயிர்மெய் என்ற மூன்று வீடுகளில் ஒன்றில் உட்கார வேண்டும். எந்த எழுத்து எந்த வீட்டுக்கு என்று முடிவுசெய்யும் பகுதியைத்தான் கவிப்ரியா எழுதியிருந்தாள்.

மதிவதனி தன் அம்மாவின் பெயரைத் தட்டினாள். காளியம்மாள். எழுத்துகள் எல்லாம் சரியாகப் போயின. இளவழகன் என்று போட்டாள். 'இ' உயிர் வீட்டுக்குப் பறந்தது. பிறகு நிரலைத் திறந்து படித்தாள். பன்னிரண்டு உயிர்களில் ஒன்றா? உயிர். தலையில் புள்ளி இருக்கிறதா? மெய். இரண்டும் இல்லையென்றால்? உயிர்மெய்.

அந்தக் கடைசி 'இல்லையென்றால்' மேல் அவள் கண் நின்றது. 'ஃ' என்று தட்டினாள். ஆய்தம் ஆடி அசைந்து போய் உயிர்மெய் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

திருத்துவது பெரிய காரியமில்லை. ஆய்தமா என்று முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டு, அதற்கென்று தனியாக ஒரு குட்டி வீடு கட்டிக்கொடுத்தால் போதும். அந்த வீட்டுக்கு மூன்று ஜன்னல் வைக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சொல்வதற்காகத் திரும்பினாள்.

கவிப்ரியா போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் ஜெக்கரியா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அடுத்த மாசத்துலேந்து கவிதான் டீமுக்கு லீடு. மதி, நீங்க கூட இருந்து பாத்துக்கங்கம்மா."

கூட இருந்து பார்த்துக்கொள்வது மதிவதனிக்குப் புதிதில்லை. இரண்டு பேரும் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். கவிப்ரியாவின் அப்பா பஞ்சநதத்தின் வயலில் காளியம்மாள் நடவு நட்டிருக்கிறாள். இப்போது மதிவதனியின் அப்பா செல்லதுரையே குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறார். கல்லூரியிலும் இருவரும் ஒரே வகுப்பு. ஆங்கில எழுத்து உயிரா மெய்யா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் பயிற்சி. கவிப்ரியா நிரலில் சின்ன எழுத்துகளை மட்டும் எழுதிவிட்டுப் பெரிய 'A'வைத் தட்ட, திரை அதை மெய் என்றது. பக்கத்தில் இருந்த மதிவதனிதான் திருத்திக் கொடுத்தாள். அன்றிலிருந்து கவிப்ரியா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "எனக்குக் கோடிங் கத்துக்கொடுத்ததே மதிதான்." கேட்கிறவர்கள் கவிப்ரியாவைப் பார்த்துத்தான் புன்னகை செய்வார்கள்.

வாடிக்கையாளரின் பெயர் மதிவதனிக்குத் தெரியும். ஃபாஜில். அப்படிப் பெயர் கொண்ட மனிதர் முதலில் யார் பெயரைத் தட்டிப்பார்ப்பார் என்பதும் தெரியும். கவிப்ரியா அதை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிப் பழகியவள், அவளுக்குத் தோன்றியிருக்காது.

மதிவதனி 'பிழை இல்லை' என்று பதிந்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை ஃபாஜில் வந்தார். கவிப்ரியா செயலியைக் காட்டி, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மதிவதனி கதவோரம் நின்றுகொண்டாள். திரை தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்தாள். அது பயமில்லை, ஆவல்.

அவர் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார். 'ஃ' உயிர்மெய் வீட்டுக்குள் போனது.

"என்ன ஜெக்கரியா பாய், என் பேரு மொத எழுத்துலயே வீடு மாறிப் போவுதே" என்றார்.

ஜெக்கரியாவின் முகம் சுருங்கியது. கவிப்ரியாவின் காதுகள் சிவந்தன. மதிவதனி இத்தனை நாள் காத்திருந்தது அந்த ஒரு கணத்தில் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த கணம் கவிப்ரியா சிரித்துவிட்டாள். "தப்பு எம்மேலதான் சார். ஆய்தத்த மறந்தே போயிட்டேன். உங்க பேரு இல்லன்னா இது வெளிய தெரிஞ்சிருக்காது. டீ சாப்பிடுங்க, அதுக்குள்ள சரி பண்ணிடுறேன்."

அவர் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் திரையில் நான்காவதாக ஒரு குட்டி வீடு வந்துவிட்டது. 'ஃ' அதற்குள் போய் உட்கார்ந்ததும் ஃபாஜில் கைதட்டினார். "எங்க அண்ணன் மவன் ஃபைசலும் இந்த வீட்டுக்குத்தானே வருவான்! இந்தப் பொண்ணே கடைசி வரைக்கும் பாக்கட்டும்."

மதிவதனி தன் மனசுக்குள் கட்டிவைத்த வீடு அது. வாயைத் திறந்திருந்தால் அவளுடையதாக இருந்திருக்கும். தப்பு செய்தாலும் கவிப்ரியாவுக்குக் கைதட்டல் கிடைத்துவிடுகிறது.

சாயங்காலம் பாபநாசம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அய்யம்பேட்டை தாண்டியதும் கவிப்ரியா கேட்டாள்.

"நீ ஃ போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தப்பா போச்சா?"

"போச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல? நான் அவரு முன்னாடி அசிங்கப்படணும்னா?"

மதிவதனி ஜன்னல் பக்கம் பார்த்தாள். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. "ஆமா" என்றாள்.

கவிப்ரியா இதை எதிர்பார்க்கவில்லை. "உனக்கு நான் என்னடி கொற வச்சேன்? போற எடமெல்லாம் உன்னாலதான் கத்துக்கிட்டேன்னு சொல்றேன்."

"சொல்றே. நீ சொல்லச் சொல்ல அது உன் நல்ல மனசா ஆயிடுது. எனக்கு அதுல ஒண்ணும் வரல. லீடு யாருன்னு கேட்டப்ப என் பேரு வந்துச்சா?"

"அத ஜெக்கரியா சார்ட்ட கேக்க வேண்டியதுதானே? நான் போயி கேட்டேன். நீ கேட்டியா?"

கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்று மதிவதனிக்கு யாரும் சொன்னதில்லை. கவிப்ரியாவுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் வீட்டில் கேட்டுப் பழகியிருந்தார்கள். பாபநாசத்தில் இறங்கி இருவரும் தனித்தனியாக நடந்தார்கள்.

கவிப்ரியா நடந்ததை ஜெக்கரியாவிடம் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி லீடு ஆனாள். அன்றே மதிவதனியின் மேஜைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இனிமே நீ பாஸ் பண்றத இன்னொருத்தர் மறுபடியும் பாப்பாங்க. எனக்கு இப்ப உம்மேல நம்பிக்கை இல்ல."

மதிவதனிக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பேச்சில் இரக்கம் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. கவிப்ரியா முதல் தடவையாக அவளை எதிரில் நிற்கிற ஆளாகப் பார்க்கிறாள். அது வலித்தது, பிடித்தும் இருந்தது.

"சரி. ஆனா ஃபாஜில் சாரோட அடுத்த மீட்டிங்ல நானும் பேசணும்" என்றாள்.

கவிப்ரியா யோசித்தாள். "என்ன பேசுவே?"

"ஶ்ரீ எந்த வீட்டுக்குப் போகுதுன்னு போட்டுப் பாத்தியா?"

கவிப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காட்டு" என்றாள், இறுகிய முகம் மாறாமல்.