மூன்று டவுன் பஸ்

குடிக்காதேடி. இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு மடக்கு போதும், நாக்கு நனைந்தால் போதும், மூடி வை.

இசைவாணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீமதி ஒரு லிட்டர் பாட்டிலை அண்ணாந்து பாதிவரை குடித்துவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஆலப்பாக்கம் டவுன் பஸ் இன்னும் முதுநகரைக்கூடத் தாண்டவில்லை. மணி ஆறே முக்கால்.

"என்னாக்கா அப்பிடிப் பாக்குறீங்க? தண்ணி வேணுமா?"

"வேணாம்."

ஸ்ரீமதி கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம். மருந்தாளுநர் படிப்பு படித்தவள். சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று இன்று சேர்கிறாள். அதே ஊரில், மேல வீதியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இசைவாணி நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். நேற்று சாயங்காலம் மாமியார் தைலம்மாள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"சேந்தே போங்க. பெரியவளுக்குத் தெரியாத பஸ்ஸா? ஒத்த பைசா செலவில்லாம சிதம்பரம் போயிட்டு வர்றா. பாத்துக் கத்துக்க."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேராகப் போகும் டவுன் பஸ்ஸும் இல்லை. நேராகப் போவது எக்ஸ்பிரஸ், அதற்குப் பணம். ரயிலுக்கு ஆகும் காசு குறைவுதான். ஆனால் சாயங்கால பாசஞ்சர் இவள் கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே போய்விடும். அதனால் ஆலப்பாக்கம் வரை ஒரு டவுன் பஸ், அங்கிருந்து பரங்கிப்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறி பி.முட்லூர், முட்லூரில் காத்திருந்தால் பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். மூன்றும் இலவசம். எக்ஸ்பிரஸ் ஒரு மணி பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

இந்த வழியை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவளேதான் கண்டுபிடித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கண்டக்டர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு இன்னொன்றைப் பிடித்து. முழுதும் சரியாக அமைந்த அன்று சாப்பிடும்போது எல்லோரிடமும் சொன்னாள். அவள் கணவன் சிலம்பரசன் சோற்றுக் கையோடு சிரித்தான். "கலெக்டருக்குப் படிச்சிருக்கணும் நீ" என்றான். தைலம்மாள் அவளுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அந்த மீன் துண்டை இசைவாணி பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்த வீட்டில் மிச்சம் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. தைலம்மாள் பால் பாக்கெட்டை வெட்டி, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, அதையும் பாலில் ஊற்றுவாள். தேய்ந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவாள். இரண்டாவது விசிலில் அடுப்பை அணைத்துவிட்டால் மீதியை ஆவி பார்த்துக்கொள்ளும். கொழுந்தன் கல்யாணத்துக்கு முன்புவரை, சித்திரை வெயிலில் வீட்டில் ஐந்து பேரும் ஒரே ஃபேனுக்கு அடியில் படுப்பார்கள். சிலம்பரசன் பற்பசை டியூபைக் கத்தியால் கீறி ஒரு வாரம் ஓட்டுவான். இசைவாணிக்கு இதிலெல்லாம் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அவளும் செய்வாள், அதில் ஒரு விளையாட்டுகூட இருந்தது. சோப்புக்கு முதுகு வலிக்காது.

உறவுக்காரர்கள் வந்தால் சிலம்பரசன் இவளைக் காட்டிச் சொல்வான்: "பெட்ரோல் ஊத்தாம ஓடுற வண்டி எங்க வூட்ல ஒண்ணு கெடக்கு." எல்லோரும் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். அவன் கெட்டவன் இல்லை. மிச்சமான பணத்தை அவன் குடித்து அழிக்கவும் இல்லை. மகளின் டியூஷனுக்குப் போனது, கொழுந்தன் கல்யாண மண்டபத்தின் முன்பணத்துக்குப் போனது. ஒரு ரூபாய்கூட வீண்போகவில்லை. அதனால்தான் யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காய்ச்சல். கடையிலேயே உடம்பு நடுங்கியது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவள், தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னல் ஓர சீட். டிக்கெட் எடுத்தாள், தூங்கிப்போனாள். கண் விழித்தபோது கடலூர். மணி ஏழு ஆகவில்லை. வழக்கமாக வீடு சேரும் நேரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சீக்கிரம் போனால் கேட்பார்கள். கேட்டால் ஒன்றும் திட்டமாட்டார்கள், "முடியலன்னா வர வேண்டியதுதான" என்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் டிக்கெட்டைச் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, காய்ச்சலோடு கடலூர் பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு வீட்டுக்குப் போனாள். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இங்கதான் எறங்கணுமாக்கா?" ஸ்ரீமதி கேட்டாள். ஆலப்பாக்கம் வந்திருந்தது.

அடுத்த பஸ், முட்லூர், காத்திருப்பு, அதற்கடுத்த பஸ். ஸ்ரீமதி எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டாள். எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தக் கண்டக்டர் சிடுசிடுப்பார், எந்த பஸ்ஸில் முன்படிக்கட்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது, "என்னாம்மா, இன்னிக்கு அசிஸ்டன்ட் போட்டுட்டியா?" என்றார். ஸ்ரீமதி சிரித்தாள். "ட்ரெய்னிங் சார்."

பகலெல்லாம் கடையில் இசைவாணிக்குக் கவனம் ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டும்போது மறந்து ஒரே ஃப்ரேமை இரண்டு தடவை காட்டினாள். மூன்று மணிக்கு டீ வந்தது. வேண்டாம் என்றாள். மூன்று மணிக்கு மேல் அவள் எதையும் குடிப்பதில்லை. திரும்பும் வழியில் எங்கும் ஒதுங்க முடியாது. கட்டணக் கழிப்பிடம் சிதம்பரத்தில் உண்டு, அதற்கப்புறம் கடலூரில்தான். முதலில் டீயை நிறுத்தினாள், பிறகு மத்தியானத் தண்ணீரை. வருடத்தில் நான்கைந்து தடவை நீர்க்கடுப்பு வரும். "சூடு" என்பாள் தைலம்மாள். வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுப்பாள். பாசத்தோடுதான் கொடுப்பாள்.

சாயங்காலம் ஆறே காலுக்கு இருவரும் முட்லூரில் இறங்கினார்கள். ஆலப்பாக்கம் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். கடலூர் எக்ஸ்பிரஸ் ஒன்று நின்று, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஸ்ரீமதி அதைப் பார்த்தாள். பாட்டில் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"அக்கா, அவசரமா இருக்கு."

"கொஞ்சம் பொறுத்துக்க."

"வூட்டுக்குப் போயா? ரெண்டு மணி நேரம் ஆவும்க்கா."

டீக்கடையைச் சுற்றி ஆண்கள். பெட்ரோல் பங்க் வெகு தூரம் தள்ளி. ஸ்ரீமதி சுற்றிலும் பார்த்தாள். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இசைவாணி தடுப்பதற்குள் ஸ்ரீமதி போய்க் கேட்டுவிட்டாள்.

"இதுக்கென்னம்மா கூச்சம், பின்னாடி போ. தாப்பா சரியில்ல, ஒரு கையால கதவப் புடிச்சிக்க" என்றாள் அந்த அம்மா. பிறகு இசைவாணியை வாசலுக்குக் கூப்பிட்டாள். "எம்பேரு முத்தம்மா. அது யாரு, தங்கச்சியா?"

"ஓரகத்திங்க."

"வாய் இருக்குது, பொழச்சிக்கும். உன்னைய நான் நாலு வருசமாப் பாக்குறன். மழையில நிப்ப, பனியில நிப்ப. ஒரு நா வந்து கேட்டதில்ல. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுக்கே வராதான்னு நானும் எங்க வூட்டுக்காரரும் பேசிக்குவோம்."

சொல்லிவிட்டு முத்தம்மா சிரித்தாள். இசைவாணியும் சிரித்தாள்.

"நீயும் போயிட்டு வாயேன்."

"வேணாங்க. வரல."

பொய் இல்லை. உண்மையிலேயே வரவில்லை. காலையிலிருந்து வரவில்லை. தாகமும் இல்லை. இது எப்போது நின்றது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவில் பிடிபடவில்லை. தன் உடம்பு தன்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது. நான்கு வருடமாக முப்பதடி தூரத்தில் ஒரு கதவு இருந்திருக்கிறது. கேட்டால் திறந்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே.

ஸ்ரீமதி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முத்தம்மாவிடமே பாட்டிலையும் நிரப்பி வாங்கிக்கொண்டாள். நிறுத்தத்துக்குத் திரும்பியதும் பாட்டிலை நீட்டினாள்.

"இந்தாங்க."

"வேணாம்."

"காலைலேருந்து நீங்க என்னாக்கா குடிச்சீங்க?"

"குடிச்சேன்."

"எப்போ?"

இசைவாணி ரோட்டைப் பார்த்தாள்.

"போன மாசம் மூணு நாள் சுருண்டு படுத்தீங்களே, அது இதானா?"

"அது சூடு."

"சூடுன்றது அத்தை சொல்றது. நான் மருந்துக் கடை." ஸ்ரீமதி சிரிக்காமல் சொன்னாள். பிறகு தணிந்த குரலில், "தெனமும் இப்பிடியேதானா?" என்றாள்.

"பழகிடும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் இசைவாணியின் காதில் விழுந்தது. இந்தப் பெண்ணுக்குக் கற்றுத்தர தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான் என்று நினைத்தாள். பஸ் நேரங்களை யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். இதற்குத்தான் ஆள் வேண்டும். முதலில் டீயை நிறுத்து. பிறகு மத்தியானத் தண்ணீரை. காய்ச்சலோடு வந்தால் பெஞ்சில் உட்கார்ந்திரு.

பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை. ஆலப்பாக்கம் வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.

வீடு சேர்ந்தபோது எட்டே முக்கால். மகள் சாப்பிட்டு முடித்துப் படிக்க உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் ஷிப்டுக்குப் போயிருந்தான். தைலம்மாள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே, "என்னா, பஸ்ஸெல்லாம் புடிபட்டுதா சின்னவளுக்கு?" என்றாள்.

ஸ்ரீமதி இசைவாணியைப் பார்த்தாள். "திங்கக்கெழமலேருந்து எனக்குக் காலை டூட்டி அத்தை. எட்டரைக்கு அங்க இருக்கணுமாம்."

"அப்ப அஞ்சே முக்காலுக்கே முத பஸ்ஸப் புடிச்சாத்தான் சரியா வரும்" என்றான் சிலம்பரசன். "ஒண்ணும் கஷ்டமில்ல. இசை, நீ எழுதிக் குடுத்துடு."

அவனே எழுந்து போனான். நாள்காட்டியில் கிழித்த தாள்களை வீணாக்காமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருப்பார்கள், பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுத. அதிலிருந்து ஒரு தாளை உருவி, பேனாவோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"எந்த பஸ்ஸு, எத்தன மணி, எங்க எறங்கணும், எல்லாம் வரிசையா எழுது. அவ போட்டோ புடிச்சி போன்ல வச்சிக்கட்டும். ரெண்டு பேருக்குமா மாசத்துக்கு எவ்ளோ மிச்சம் பாரு."

"ரெண்டு வண்டி" என்று தைலம்மாள் மகனின் பழைய வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தாள்.

இசைவாணி பேனா மூடியைத் திறந்தாள். ஆலப்பாக்கம் பஸ் அஞ்சு நாற்பதுக்கு ஒன்று, விட்டால் அஞ்சு ஐம்பத்தைந்து, அதையும் விட்டால் ஆறே கால். எல்லா நேரமும் மனத்தில் வரிசையாக வந்து நின்றது. சிடுசிடுப்பான கண்டக்டர், முன்படிக்கட்டு, வெயில் படாமல் நிற்க ஒரு புளியமரம். நான்கு வருடமாக அவள் ஒருத்தியாகச் சேர்த்து வைத்தது. எதிரே ஸ்ரீமதி பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்குவதை இசைவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தாள். முழுதும் குடித்து முடிக்க நேரம் பிடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்னா, மறந்துட்டியா?" என்றான் சிலம்பரசன்.

"இல்லங்க. எல்லாம் ஞாபகம் இருக்கு."

"பின்ன எழுது."

அவள் பேனாவை மூடினாள். எழுதாத தாளை எடுத்துக் கிளிப்பில் பழையபடி சொருகினாள்.

"இத மட்டும் நான் எழுதித் தர மாட்டேங்க" என்றாள்.